பாட்டிக்கு என்ன கொடுப்பது?

கல்லில் நார் உரிப்பது, மணலைக் கயிறாகத் திரிப்பது என்று நடக்காத காரியங்களுக்குப் பெரியோர்கள் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறார்கள். அந்த ஜாபிதாவில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி நாம் விண்ணப்பம் செய்துகொள்கிறோம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டிக்குப் பிறந்த நாள் பரிசு வாங்குவதுதான் அது.

குழந்தைக்குப் பரிசு வாங்குவது சுலபம். கடையில் எது அதிகமாகச் சத்தம் போடுகிறதோ, அதை வாங்கினால் போதும். கல்யாணத்துக்குப் பரிசு வாங்குவது இன்னும் சுலபம். நம்முடைய கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்களில் ஒன்றை எடுத்து, மேல் காகிதத்தை மாத்திரம் மாற்றினால் ஆயிற்று. ஆனால் பாட்டி விஷயத்தில் இந்த யுக்திகள் ஒன்றும் பலிப்பதில்லை. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், "எனக்கு எதுக்கய்யா இதெல்லாம்?" என்று ஒரு கேள்வி வருகிறது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே காலக்ஷேபம் செய்துவரும் நமக்கு, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை தெரிந்ததில்லை.

நமது பாட்டி மதுரையில் பிறந்து, மதுரையிலேயே வாழ்க்கைப்பட்டு, மதுரையை விட்டு அதிக தூரம் போகாதவர். தகப்பனாரைப் பெற்றவர் ஆகையால் நாம் அவரை 'அப்பத்தா' என்று அழைப்பது வழக்கம். அவர் பிறந்த தேதியை அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவருடைய தாயார் ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "மீனாட்சி கோயிலுக்குள்ளே எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனாங்களே, அந்த ஆனி கழிஞ்சு, ஆடி பிறந்த மூணாம் நாள் நீ பிறந்தே" என்பதே அந்தக் கணக்கு. ஸ்ரீ வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களுடன் மீனாட்சியம்மன் ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி. அந்த அன்பர்களில் ஒருவர் பின்னால் மந்திரியாக விளங்கிய ஸ்ரீ கக்கன். இத்தனை பேர் சாட்சி சொல்லும்போது பிறப்புச் சான்றிதழ் எதற்கு? 2024-ஆம் வருஷம் ஆடி 3-ந் தேதியன்று பாட்டிக்கு எண்பத்தைந்து வயது பூர்த்தியாக வேண்டும் என்று நாம் சுலபமாகத் தீர்மானித்துவிட்டோம். பரிசு என்ன என்பதைத்தான் தீர்மானிக்க முடியவில்லை.

முந்திய வருஷங்களின் அநுபவம் அப்படி. 2019-இல் எண்பதாவது பிறந்த நாளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு கம்பளிச் சால்வை கொண்டுவந்தார். பனி பெய்யும் ஊரில் போர்த்திக்கொள்ள வேண்டிய உயர்ந்த சரக்கு. மதுரை வெயிலில் அதைத் தொட்டுப் பார்த்தாலே வியர்த்தது. அடுத்த வருஷம் அத்தை நாலு கால் கைத்தடி ஒன்று வாங்கி அனுப்பினார். பாட்டி அதைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி ஈரத் துண்டு உலர்த்தினார். 2022-இல் தம்பி தொடுதிரைக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தான். பாட்டி அதில் மகளைக் கூப்பிட நினைத்துப் பால்காரரைக் கூப்பிட்டார். பால்காரரைக் கூப்பிட நினைத்து நம்மைக் கூப்பிட்டார். ஒரு வாரத்தில் அதுவும் ஓய்வு பெற்றது. 2023-இல் நாம் பெருமையுடன் முன்வந்தோம். நாமும் நம் மனைவியுமாக ஜவுளிக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, அறுபது சேலைகளைப் பிரிக்கச் செய்து, மயில் கழுத்து வர்ணத்தில் ஒரு பட்டுச் சேலை வாங்கினோம். கடைக்காரப் பையன் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, நீலம் பச்சையாயிற்று. பச்சை மறுபடி நீலமாயிற்று. பாட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு, கரையை விரலால் தடவிப் பார்த்து, "நல்லாயிருக்குய்யா" என்றார். அப்புறம் அதுவும் சால்வையைப் பின்பற்றித் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

நேயர்கள் அந்த மயில் கழுத்துச் சேலையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் கட்டுரைக்கு ஒரு தலைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. 'என் பாட்டிக்கு நான் அளிக்க விரும்பும் பரிசு' என்று கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகளின் கற்பனா சக்தியை வளர்க்கும் உயர்ந்த நோக்கம் ஒரு புறம் இருக்கட்டும். நாற்பது பிள்ளைகளில் ஒருவனாவது நமக்கு ஒரு நல்ல யோசனை சொல்ல மாட்டானா என்கிற சுயநலமும் அதில் இருந்தது என்பதை மறைப்பானேன்?

கட்டுரைகள் வந்தன. பன்னிரண்டு பேர் பாட்டிக்குத் தங்கச் சங்கிலி வாங்கினார்கள். ஒன்பது பேர் ஆகாய விமானத்தில் காசிக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பெண் பாட்டிக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தாள். பாட்டி மாடிப்படி ஏறுவது எப்படி என்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. இவற்றையெல்லாம் படித்துச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே வந்த நாம், கடைசி நோட்டுப் புத்தகத்தில் நின்றுவிட்டோம். வகுப்பில் அதிகம் வாய் திறவாத ஒரு பையனுடைய நோட்டு அது. ஐந்தே வரிகள்தான் எழுதியிருந்தான். அவனுடைய ஆயா தையற்கடைக்காரருக்கு ரவிக்கைகளில் கொக்கி தைத்துக் கொடுத்து ஜீவிக்கிறாள். ஊசிக் காது அவளுக்குத் தெரிவதில்லை. ஆகையால் அவன் காலையில் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் பத்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு துணிப் பந்தில் குத்தி வைத்துவிட்டு வருகிறான். 'இது பரிசா என்று எனக்குத் தெரியவில்லை' என்று முடித்திருந்தான்.

அந்த ஐந்து வரிகளில் ஒற்றுப் பிழைகள் ஏழு. பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டோம்.

அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனுக்குத் தன் ஆயாவின் காலைப் பொழுது முழுவதும் தெரிந்திருந்தது. நம் பாட்டியின் காலைப் பொழுதைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவர் நம் தாய் தந்தையருடன் பழைய வீட்டில் இருக்கிறார். நாம் அதே ஊரில் கால் மணிப் பிரயாணத்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் போகிறோம். போய், திண்ணையில் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க அப்பத்தா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். இவ்விதம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள்!

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பழைய வீட்டுக்குப் போனோம். கைப்பேசியை வண்டிப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினோம். "என்னடா விசேஷம்?" என்று தாயார் திகைத்தார். "ஒன்றுமில்லை, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டோம்.

பாட்டி காப்பி குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். வைப்பதற்கு முன்னால் இடது கையால் முக்காலியின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெற்றிலையைத் துடைத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவினார். அதையும் கண்ணால் பார்த்துச் செய்யவில்லை, விரலால் பார்த்துச் செய்தார். புடைவைத் தலைப்பில் ஒரு கிழிசல் தெரிந்தது. துணியில் ஒரு நூல் பிரிந்தால் பொறுக்காதவர் நம் பாட்டி. அந்தக் கிழிசலை அவர் தைக்கவில்லை. கிழிந்தது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகமாயிருந்தது.

பத்து மணிக்கு வாரப் பத்திரிகையைக் கையில் எடுத்தார். இதை விசேஷமாகச் சொல்ல வேண்டும். பாட்டி படித்தது ஐந்தாம் வகுப்பு வரையில்தான். ஆனால் பத்திரிகைத் தொடர்கதைகளை ஒரு வாரம் கூட விட்டவரல்ல. நாம் பள்ளிக்கூடம் போகுமுன்பே அவர் மடியில் உட்கார்ந்து, அவர் விரல் ஓடிய வழியே எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். இன்று நாம் தமிழாசிரியராக இருப்பதற்கு நம் பட்டத்தைக் காட்டிலும் அந்த மடியே காரணம்.

பாட்டி பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்தார். எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் புரண்டது. "இந்த வாரம் கதை எப்படி, அப்பத்தா?" என்று கேட்டோம்.

"என்னத்தை எழுதுறாங்க போ! இப்ப எழுதறவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. முன்னே மாதிரி எதுவும் நல்லாயில்லை" என்றார்.

எழுதுகிறவர்களுக்காகப் பரிந்து பேசலாம் என்று வாயெடுத்த நாம், பத்திரிகையின் அட்டையைப் பார்த்தோம். அது அந்த வாரத்து இதழ் அல்ல. சென்ற மாதத்து இதழ். அந்த வாரத்து இதழ் பிரிக்கப்படாமல் ஜன்னல் ஓரத்தில் கிடந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எவ்வளவு நாளாக இப்படி, அப்பத்தா?" என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரெண்டு வருஷம் இருக்கும்யா. புகை மூட்டம் மாதிரி இருக்கு" என்றார்.

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும்பீங்க. உங்கப்பனுக்கு முழங்கால் வலி. உனக்குப் பள்ளிக்கூடம். யாரு எனக்காக அலையறது? நானும் ஒப்பேத்திக்கிட்டுத்தானே இருக்கேன்?"

இரண்டு வருஷம்! அதற்குள் இரண்டு பிறந்த நாட்கள் வந்துபோயிருந்தன. கைப்பேசி பாட்டிக்குப் பழக வராததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. அறுபது சேலைகளைப் பிரிக்கச் செய்து, வர்ணம் பார்த்துப் பார்த்து மயில் கழுத்து வாங்கினோமே, அந்த வர்ணம் பாட்டியின் கண்ணில் படவே இல்லை. அவர் கரையைத் தடவிப் பார்த்தார். நம் மனம் நோகக் கூடாதென்று 'நல்லாயிருக்கு' என்றார். அன்று பரிசு கொடுத்தது நாம் அல்ல, பாட்டிதான்.

கண்ணுக்குள் பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. வயதாக ஆக அது மெல்ல மெல்ல மங்கிப் பழுப்பேறுகிறது. அதைத்தான் கண்புரை என்கிறோம். பெரும்பாலும் அதில் வலியில்லை, சிவப்பில்லை. ஆகையால் வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. கொஞ்சங்கொஞ்சமாக வருவதால் சில சமயம் கண்ணுக்கு உடையவருக்கே தெரிவதில்லை. 'வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டிவிடுகிறோம்.

இத்தனைக்கும் நாம் இருப்பது மதுரை. விரல்களெல்லாம் மூட்டு வாதத்தினால் வளைந்துபோன நிலையிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண்புரை எடுத்த டாக்டர் வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தது இந்த ஊரில்தான். வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த செயற்கை வில்லையை, 1992-இல் 'ஆரோலேப்' என்னும் தொழிற்சாலை தொடங்கிக் குறைந்த விலையில் செய்ய ஆரம்பித்ததும் இதே ஊரில்தான். எங்கெங்கோ இருந்து ஜனங்கள் ரயிலேறிக் கண்ணுக்காக மதுரைக்கு வருகிறார்கள். மதுரையிலேயே இருந்த பாட்டியை அழைத்துப் போக, கால் மணிப் பிரயாணத்தில் இருந்த பேரனுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று!

பாட்டி லேசில் சம்மதிக்கவில்லை. "கண்ணைத் தோண்டி வெளியிலே எடுத்து வச்சுத் திரும்பப் போடுவாங்களாமே?" என்றார். கண்ணை யாரும் வெளியில் எடுப்பதில்லை, பழுதான வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது வில்லை வைப்பார்கள், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று டாக்டரைக் கேட்டு வந்து சொன்னோம். "அப்படின்னா ஆடி பிறக்கறதுக்குள்ளே முடிச்சிடு" என்று ஒரு நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் தற்செயல் விடுப்புக் கேட்டோம். காரணம் என்ற இடத்தில் 'பாட்டி' என்று எழுதியபோது, தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்தார். கிரிக்கெட் பந்தயத்துக்காகப் பாட்டியைச் சாகடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய பார்வை அது. நம் பாட்டி உயிருடன் இருக்கிறார் என்று விளக்கிச் சொல்லி விடுப்பு வாங்கி வந்தோம்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை ஆயிற்று. மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். அப்போது பாட்டி சொன்ன முதல் வார்த்தையைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கப்புறம் பல வாரம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார்கள். காலைச் சொட்டு நம் பங்கு. தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் பழைய வீட்டில் இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, ஒரு சொட்டு. பாட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிஷத்தில், பத்து ஊசிகளில் நூல் கோத்துவிட்டு வகுப்புக்கு வரும் அந்தப் பையனை நினைத்துக்கொள்வோம்.

வீடு திரும்பிய பாட்டி செய்த முதற்காரியம், அடுப்படியைச் சுற்றிப் பார்த்ததுதான். "இத்தனை ஒட்டடையோட எப்படி இருந்தீங்க?" என்று நம் தாயாரைக் கேட்டார். கண் தெளிந்ததனால் எல்லோருக்கும் ஏகமாக நன்மை விளைந்தது என்று நாம் சாதிக்கப் போவதில்லை. இரண்டாவது காரியம், தகரப் பெட்டியைத் திறந்தது. சித்தப்பாவின் சால்வை உதகமண்டலத்தில் உத்தியோகம் பார்க்கும் பேத்திக்கு என்று எடுத்து வைக்கப்பட்டது. பட்டுச் சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது மயில் கழுத்தா! நான் கறுப்புன்னுல்ல நினைச்சேன். எண்பத்து நாலு வயசுக்காரிக்கு இந்தப் பிள்ளை எதுக்குக் கறுப்புல எடுத்தான்னு ஒரு வருஷமா யோசிச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

நிற்க. எல்லாப் பாட்டிமாருக்கும் கண்ணில் புரை இராது. ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கடைக்குப் போகுமுன் ஒரு அரை நாள் பாட்டி அருகில் சும்மா உட்கார்ந்திருங்கள். 'என்ன வேணும்?' என்று கேட்காதீர்கள். கேட்டால் 'ஒண்ணும் வேண்டாம்' என்றுதான் சொல்வார். கை எங்கே தயங்குகிறது, எதைச் செய்யாமல் விட்டுவிட்டார், எதைத் தேடுகிறார் என்று பாருங்கள். பரிசு என்ன என்பது தானே தெரிந்துவிடும்.

பல் போன பாட்டி வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு சிரமப்படுகிறாரா? கையடக்கமான ஒரு சிறு உரலும் உலக்கையும் போதும். புடைவையின் கனம் தாங்காமல் இழுத்து இழுத்துச் செருகுகிறாரா? பட்டு வேண்டாம், மெல்லிய பருத்திச் சுங்குடி வாங்கிக் கொடுங்கள். நூலால் சின்னஞ்சிறு முடிச்சுக்கள் போட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளி புள்ளியாக எடுக்கும் மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பாட்டிமார் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? அந்தச் சுவரில் உறுதியான ஒரு கைப்பிடி வைத்துக் கொடுங்கள். அதை வர்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க முடியாதுதான். ஆனால் தினமும் இரண்டு தடவை அது உங்களை நினைக்கச் செய்யும். சோழவந்தானில் இருக்கும் பால்ய சிநேகிதியைப் பற்றி அடிக்கடி பேசுகிறாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்து அழைத்துப் போங்கள். இருவரையும் பேச விட்டுவிட்டு, நீங்கள் வைகைக் கரையில் உலாவி வாருங்கள்.

இன்னும் ஒன்று. பாட்டிமாருக்கு வாங்கிக்கொள்வதைவிடக் கொடுப்பதில்தான் ஆசை. வயதான பிறகு கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லையே என்பதுதான் பலருடைய மனக்குறை. பாங்கியில் சொல்லி வைத்து, புதுப் பத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்று வாங்கி அவர் தலையணைக்கடியில் வைத்துவிடுங்கள். நூறு நோட்டு; ஆயிரம் ரூபாய். வருகிற பேரப்பிள்ளைக்கெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும்போது பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

2024-ஆம் வருஷம் ஆடி 3-ந் தேதி நாம் பரிசு ஒன்றும் வாங்கவில்லை. பாட்டி மயில் கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு, அந்த வாரத்துப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது விரல் எழுத்தின்மேல் ஓடிற்று. "கதை எப்படி, அப்பத்தா?" என்று கேட்டோம். "பரவாயில்லை. எழுதறவங்க கொஞ்சம் தேறியிருக்காங்க" என்றார்.

கட்டு அவிழ்த்த அன்று அவர் சொன்னது என்னவென்று சொல்லவில்லையே? நர்ஸம்மாள் பஞ்சை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். பாட்டி இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார். எதிரில் நின்ற நம்மை அடையாளம் தெரியாதவர்போல் வெகு நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, நம் தலையை மெல்லத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஏய்யா, எப்பய்யா இப்படி நரைச்சுப்போனே? யாருமே எங்கிட்டச் சொல்லலியே!"